குறையைச் சொல்லி விற்றவர்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கி.பி. 699 இல் கூபா நகரில் பிறந்தார்கள். மார்க்கச் சட்ட மேதையான அவர்களின் தொழில் பட்டுத்துணி வியாபாரம். ஒருமுறை பழுதுள்ள துணியொன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லியே விற்கும்படி கூறினார்கள். அவரோ மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. கிடைத்த பணம் முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பதவிக்கும் அவர்கள் வளையவில்லை. கலீபா அல்மன்சூர் கொடுத்த காழிப் பதவியை மறுத்துச் சிறை சென்றார்கள். 767 இல் பக்தாதில் வபாத்தானார்கள்.

இன்னொருவரின் மறதியால் வந்த காசே அவர்களுக்கு ஆகவில்லை. தெரிந்தே குறையை மறைத்துச் சம்பாதிப்பது நமக்கு எப்படி ஆகும்?