பிழையையும் பாட வைத்த பொறியாளர்

எலக்ட்ரானிக்ஸ் லேபில் கிளிப்பர் சர்க்யூட் செய்யாத மாணவர் நம்மில் உண்டா? ஒரு ரெசிஸ்டர், எதிரும் புதிருமாக இரண்டு டையோடு, அவ்வளவுதான். சைன் அலையைக் கொடுத்தால் சுமார் 0.6 வோல்ட்டில் சிலிக்கான் டையோடு விழித்துக்கொள்ளும். சி.ஆர்.ஓ. திரையில் அலையின் தலையும் காலும் சீவி விட்ட மாதிரி தட்டையாகத் தெரியும். கிராப் வரைந்து, கையெழுத்து வாங்கி, அத்தோடு மறந்து விடுகிறோம். அந்தத் தட்டை அலைக்கு ஒரு குரல் உண்டு என்று யோசித்திருக்கிறோமா? அலையைக் கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் காதாலும் கேட்ட ஒரு பொறியாளரின் கதை இது.

ராபர்ட் மோக் 1934 மே 23-ல் நியூயார்க்கில் பிறந்தார். (இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து மூக்கு என்று வாசித்து விடாதீர்கள், மோக் என்பதே சரி!) அப்பா மின்சாரக் கம்பெனி இன்ஜினீயர். அம்மாவோ மகனைப் பியானோ முன் உட்கார வைத்தார். பையனின் மனசு மட்டும் அப்பாவின் சால்டரிங் அயர்ன் பக்கமே போனது. கையால் தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற கருவியைப் பள்ளி வயதிலேயே செய்தார். 1954-ல் அப்பாவும் பிள்ளையுமாகத் தெரமின் விற்கும் சிறு கம்பெனி தொடங்கினார்கள்.

1964-ல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து மாடுலர் சிந்தசைசரின் முதல் மாதிரியைச் செய்தார். அலையைப் பிறப்பிக்க ஒரு பெட்டி, கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி என்று எல்லாம் தனித்தனி. ஒயர் போட்டு இணைத்து, வோல்ட்டேஜால் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும்.

அடுத்து வந்ததுதான் அவருடைய பெயர் சொல்லும் ஃபில்டர். ஏணிப் படி போல டிரான்சிஸ்டர் ஜோடிகள், படிக்குப் படி ஒரு கெப்பாசிட்டர், மொத்தம் நான்கு படிகள். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்தியும் ஒரு டையோடு தானே? கரண்டைக் கூட்டினால் அதன் தடை குறையும், ஃபில்டரின் வாசல் மேலே நகரும். இதற்கு 1969-ல் பேட்டன்ட் கிடைத்தது. அதே வருஷம் லண்டனில் டேவிட் காக்கரெல் வி.சி.எஸ்.3 கருவிக்காக இந்த ஏணியை டையோடுகளாலேயே கட்டினார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டையோடின் வளைவு நேர்கோடு அல்ல. சின்ன அலை சுத்தமாகக் கடந்து போகும். பெரிய அலையைத் திணித்தால் முனைகள் மெல்ல மழுங்கி, ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் பிறக்கும். புத்தகத்தில் இதற்கு டிஸ்டார்ஷன், அதாவது குற்றம் என்று பெயர். ஆனால் காதுக்கு அது கனமாக, கதகதப்பாக இருக்கிறதே! மாடுலரில் ஒயரை மாற்றிப் போடுவது நம் இஷ்டம். கிளிப்பர் முன்னால், ஃபில்டர் பின்னால் என்றால் கீச்சென்ற கூர்மையை ஃபில்டர் வடித்து விடும். மாற்றிப் போட்டால், வடித்த அலை மறுபடி முரடாகும். சாமான் அதேதான், வரிசை மாறினால் குரலே மாறும்.

1970-ல் மினிமோக் வந்தது. மோக்கின் உதவியாளர் பில் ஹெம்சாத் மதிய இடைவேளைகளில் ஒதுக்கிப் போட்ட பாகங்களை வைத்து ஆரம்பித்த வேலை அது. அதில் ஒரு கணக்குப் பிழை. மிக்சரிலிருந்து ஃபில்டருக்கு அளவுக்கு மீறிய அலை போய்விட்டது. ஆனால் வாசித்தவர்களுக்கு அந்தத் தடித்த குரல்தான் பிடித்தது. திருத்தவில்லை, அப்படியே விட்டார்கள். 12,000-க்கும் மேல் மினிமோக்குகள் விற்றன.

சர்க்யூட் பிழை கை கொடுத்தது, வியாபாரப் பிழை கை கொடுக்கவில்லை. கடன் நெருக்கி 1971-ல் கம்பெனி கை மாறியது. 1977-ல் அவரே வெளியேறினார். கருவியின் மேல் அவர் பெயர் இருந்தது, அந்தப் பெயரில் வியாபாரம் செய்ய அவருக்கு உரிமை இல்லை! மனம் தளராமல் வட கரோலினாவில் வேறு பெயரில் மீண்டும் தெரமின் செய்தார். 2002-ல் தன் பெயரைத் திரும்பப் பெற்றார். 2005 ஆகஸ்ட் 21-ல், 71 வயதில், மூளைக்கட்டி நோயால் காலமானார்.

இவர் பெரிய வித்வான் அல்ல, வித்வான்கள் கேட்டதைச் செய்து கொடுத்தவர். ஃபில்டர் வேண்டும் என்று கேட்டவர் டொரன்டோவின் குஸ்தாவ் சியமகா. கீபோர்டில் குறை சொல்லிச் சொல்லித் திருத்த வைத்தவர் வெண்டி கார்லோஸ். சொல்பவருக்குக் காது கொடுத்ததே மோக்கின் மூலதனம்.

நண்பர்களே, அடுத்த முறை லேபில் அலை கோணலாக வந்தால் உடனே ஒயரைப் பிடுங்காதீர்கள். ஏன் கோணியது என்று கணக்குப் போடுங்கள். பிறகு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். தெரியாமல் செய்தால் அது தப்பு. தெரிந்துகொண்டு வைத்துக்கொண்டால் அது உங்கள் டிசைன்!