தீப்பொறிக்கு நேரம் குறித்தவர்



கடலூர் – சிதம்பரம் ரோட்டில் எத்தனையோ லாரிகள் ஓடுகின்றன. டீசல் பம்பு ரிப்பேர் செய்யும் கடை போர்டுகளில் பாஷ் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கம்பெனியின் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம்மைப் போலவே கையில் அரம் பிடித்துத் தொழில் கற்றவர் அவர்! அவரைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

ராபர்ட் பாஷ் 1861 செப்டம்பர் 23-ல் ஜெர்மனியில் உல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்ற கிராமத்தில் பிறந்தார். 12 பிள்ளைகளில் 11-ஆவது பிள்ளை. அப்பா விவசாயி, கூடவே ஒரு விடுதியும் நடத்தினார். வசதியான குடும்பம்தான். 1876-ல் பையனை நுண்கருவி மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள உல்மில் ஒரு பட்டறையில் சேர்த்தார்கள். அந்த முதலாளிக்குச் சொல்லிக் கொடுப்பதில் அக்கறையே இல்லை. மூன்று வருஷம் சரியாகக் கற்றுக்கொள்ளாமல் போன அந்தக் கசப்பை பாஷ் கடைசிவரை மறக்கவில்லை.

அதன் பிறகு ஊர் ஊராக வேலை பார்த்தார். ஸ்டட்கார்ட் பாலிடெக்னிக்கில் சில மாதங்கள் மட்டும் பாடம் கேட்டார். ஆமாம் நண்பர்களே, அதுவும் பாலிடெக்னிக்தான்! 1884-ல் அமெரிக்கா போய் எடிசன் கம்பெனியிலும், பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியிலும் வேலை செய்தார். 1886 நவம்பர் 15-ல் ஸ்டட்கார்ட்டில் சொந்தப் பட்டறை திறந்தார். ஆள் பலம் எவ்வளவு? ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான். டெலிபோன், மின்சார மணி என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்கள். முதல் பத்து வருஷமும் தள்ளாட்டம்தான். கடன் வாங்கித்தான் பட்டறையை ஓட்டினார்.

அவர் பெயரை உலகுக்குச் சொன்னது மேக்னெட்டோ. சிலிண்டருக்குள் சரியான நேரத்தில் தீப்பொறி விழ வைக்கும் கருவி அது. 1887-ல் ஒரு வாடிக்கையாளர் கேட்டதால், ஓரிடத்தில் நின்று ஓடும் இன்ஜினுக்கு ஒன்று செய்து கொடுத்தார். 1897-ல் டி டியான் மூன்று சக்கர வண்டிக்கு அதைப் பொருத்தச் சொல்லி வந்தபோதுதான் சிக்கல். கனமான ஆர்மெச்சூர் முன்னும் பின்னும் ஆடி மின்சாரம் தரும் அமைப்பு அது. வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவருடைய ஆள் ஆர்னால்ட் சேரிங்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆர்மெச்சூரை அசையாமல் வைத்துவிட்டு, லேசான உறை ஒன்றை மட்டும் ஆட வைத்தார். 1902-ல் காட்லோப் ஹோனால்ட் என்ற இன்ஜினியர் ஸ்பார்க் பிளக்குடன் சேர்ந்த உயர் அழுத்த மேக்னெட்டோவைக் கொண்டு வந்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கண்டுபிடித்தவர்கள் அவரிடம் வேலை செய்தவர்கள். நல்ல ஆளைத் தேடிப் பிடித்து, அவர்களை வேலை செய்ய விட்டதுதான் பாஷின் திறமை.

அடுத்தது டீசல். 1922-ல் டீசல் பம்பு வேலையில் இறங்கினார், 1927-ல் உற்பத்தி தொடங்கியது. பம்பின் பிளஞ்சரும் பேரலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியில் பொருந்த வேண்டும். டீசல் முன்னாடியே விழுந்தால் இன்ஜின் தட்டும். பிந்தி விழுந்தால் புகை தள்ளும், இழுவை போய்விடும். 1,500 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒரு டிகிரி என்பது ஒரு வினாடியில் 9,000-ல் ஒரு பங்குதான்!

இப்போது பி.எஸ். 6 லாரியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பெட்டி பார்க்கிறது. இனிமேல் மெக்கானிக்குக்கு என்ன வேலை, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினால் போதுமே என்று நம்ம பசங்களே பேசிக்கொள்கிறார்கள். அது தப்பு. புதுப் பெட்டிக்கு அந்த இன்ஜினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்த மாடலுக்கான புரோகிராமை ஏற்ற வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பதிய வேண்டும். பல இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் ஒரு கோடு இருக்கும். அந்த இன்ஜெக்டர் விடும் டீசல் எவ்வளவு கூடும் குறையும் என்ற கணக்கு அது. எந்த சிலிண்டருக்கு எது என்று பார்த்து ஏற்ற வேண்டும். மாற்றிப் போட்டால் ஐடிலிங்கில் இன்ஜின் உதறும். கிராங்க் சென்சாருக்கு எதிரே சுற்றும் சக்கரத்தில் பல வண்டிகளில் 58 பல்தான் இருக்கும். 60-க்கு 2 குறையும். அந்த இடைவெளியை வைத்துத்தான் பெட்டி பிஸ்டன் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. அதோடு கேம் சென்சார் ஒத்துப் போகிறதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யப் போவது யார்? நாம்தான்! மேக்னெட்டோ காலத்தில் பாஷ் பட்டறை செய்ததும் இதே வேலைதான்: பொருளை இன்ஜினோடு பொருத்தி, நேரத்தைச் சரி செய்வது.

1906-லேயே தன் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலை கொடுத்தார். 1913-ல் பயிற்சி மாணவர்களுக்கென்றே தனிப் பட்டறை தொடங்கினார். தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குக் கொடுத்தார். என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். டைமிங் என்றால் என்னவென்று வீட்டில் கேட்க ஆளில்லை. சொல்லிக் கொடுக்கிறவருடைய அக்கறை என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு பெரிசு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் வாழ்க்கையில் இது எனக்கு மிகவும் பிடித்தது.

குறையையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அவர் கம்பெனி ஹிட்லரின் ராணுவத்துக்குச் சாமான் செய்தது. கட்டாயமாகக் கொண்டு வரப்பட்டவர்கள் அங்கே உழைத்தார்கள். அதே கம்பெனி யூதர்கள் சிலரைக் காப்பாற்றியது, ஹிட்லரை எதிர்த்தவர்களுக்கும் உதவியது. இரண்டுமே உண்மை.

1940-ல் ஸ்டட்கார்ட்டில் அவர் பெயரில் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1942 மார்ச் 12-ல் காலமானார். 1951-ல் மைக்கோ கம்பெனி தொடங்கியபோது அவர் இல்லை. கம்பெனியின் பெரும்பகுதிப் பங்கு 1964 முதல் ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நாம் பட்டறைக்கோ கம்பெனிக்கோ போவோம். பெட்டியை மாட்டிவிட்டுக் கையைத் துடைக்காமல், அளந்து, சரிபார்த்து வண்டியை அனுப்புவோம். நம்மிடம் வேலை கற்க வரும் பையனுக்கு முழுசாகச் சொல்லிக் கொடுப்போம். ராபர்ட் பாஷுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்!