டூலின் ஆயுளை அளந்த டெய்லர்

பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நாம் உருப்போடும் டூல் லைஃப் சமன்பாட்டுக்குப் பின்னால் ஒரு மனிதரின் 26 வருஷ உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் ஃப்ரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

1856 மார்ச் 20-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். வக்கீல் வீட்டுப் பிள்ளை. ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும், கண்கோளாறால் அங்கே போகாமல் ஒரு பட்டறையில் அப்ரண்டிஸ் ஆனார். (நம்ம வீடுகளில் வேறு வழியில்லாமல் பட்டறைக்குப் போனார்கள். இவர் வழி இருந்தும் போனார். வித்தியாசம் உண்டுதான்!) 1878-ல் மிட்வேல் எஃகு ஆலையில் கூலியாளாகச் சேர்ந்து, சில வருஷத்திலேயே தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டார். வேலையை விடாமலே படித்து 1883-ல் பட்டமும் வாங்கினார்.

அந்தக் காலத்தில் ஸ்பீடு, ஃபீடு எல்லாம் டர்னரின் கைப்பழக்கம்தான். 1880-ல் டெய்லர் அதை அளக்க ஆரம்பித்தார். மூன்றரை லட்சம் கிலோவுக்கு மேல் இரும்பு சிப்ஸாகவே போனது. வேகமாக வெட்டும்போது டூலைக் கொல்வது சூடு என்று கண்டார். வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டால் வேகத்தை 40 சதவீதம் கூட்டலாம் என்று காட்டினார். பிறகு பெத்லஹேம் ஆலையில் மான்செல் வைட்டோடு சேர்ந்து, டூலை உருகுநிலைப் பக்கம் வரை சூடாக்கிப் பதம் வைத்தார். அப்படிச் செய்தால் டூல் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த ஹைஸ்பீடு ஸ்டீல் 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை சிவக்கச் சிவக்க எஃகை வெட்டியது.

ஆனால் டூலுக்குப் போட்ட கணக்கை மனுஷனுக்கும் போட்டார். ஸ்டாப் வாட்சை எதிர்த்து 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதச்சாலை மோல்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இதில் என் மனசு மோல்டர்கள் பக்கம்தான்.

1915 மார்ச் 21-ல் நிமோனியாவில் டெய்லர் இறந்தார். கார்பைடை அவர் பார்க்கவில்லை. டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுடும் முறை 1923-ல்தான் ஜெர்மனியில் வந்தது. அது சூட்டைத் தாங்கும், அடியைத் தாங்காது. லேத்தில் டூல் விடாமல் வெட்டும். மில்லிங்கிலோ ஒவ்வொரு பல்லும் சுற்றுக்குச் சுற்று எஃகில் மோதும். உள்ளே சூடாகி வெளியே வந்து குளிரும். கூலன்ட்டையும் விட்டுவிட்டு ஊற்றினால் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி விரிசல் விழுந்து, துண்டாகத் தெறித்துவிடும். டெய்லர் சமன்பாடு தேய்மானத்துக்குத்தான். இந்த உடைவை அது சொல்லாது. அதனால்தான் கார்பைடு கட்டரில் எஃகை மில்லிங் செய்யும்போது, பல இடங்களில் கூலன்ட்டை நிறுத்திவிட்டு வெறும் காற்றை ஊதிச் சிப்ஸைத் தள்ளுகிறார்கள்.