ஒரு பட்டமும் பதினான்கு ஆண்டுகளும்

தங்கவயலில் நம்மவர் இல்லங்களில் பாபாசாகேப் அம்பேத்கரின் திருவுருவம் விளங்குகின்றது. அவர் பெயருக்கு முன் நிற்கும் டாக்டர் என்னும் சொல்லை நாள்தோறும் சொல்லுகின்றோம். அதனை அவர் எத்தனை ஆண்டுகளில் ஈட்டினார் என எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே. நம் பிள்ளைகள் சமூகவியல் முதலிய துறைகளில் ஆராய்ச்சிப் பட்டம் பெற முற்படும் இந்நாளில், அவ்வரலாற்றை ஈண்டுக் கூறுதல் தகுமென நினைக்கின்றோம்.

1913ஆம் ஆண்டு தொடக்கத்தில் தந்தையாரை இழந்த அம்பேத்கர், அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த மூன்றாண்டு உதவித்தொகையுடன் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். காலம் குறுகியது என்பதை உணர்ந்து, படிப்படியாக முன்னேறினார். பொருளியலோடு வரலாறு, சமூகவியல், மானிடவியல் ஆகிய பாடங்களையும் பயின்று, 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே திங்களில், பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், அகமணமே சாதியின் உயிர்நாடி என நிறுவும் கட்டுரையை வாசித்தார். அவ்வாண்டே ஆராய்ச்சியுரையையும் ஒப்படைத்தார். ஆயினும் நூல் அச்சேறிய பின்னரே பட்டம் வழங்குதல் அங்கு விதியாதலின், பட்டம் கைக்கு வரவில்லை.

பின்னர் இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை முடிவுற்றமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவ்வாறு திரும்புமுன், நான்காண்டுக்குள் மீண்டு வந்து படிப்பைத் தொடர இசைவு பெற்றுக்கொண்டார். கதவை அடைத்துவிட்டு வாராமல், திறந்துவைத்து வந்த அவர் முன்யோசனையை நாம் போற்றுகின்றோம்.

பரோடாவில் உத்தியோகம் ஏற்றவருக்குத் தங்க இடமும் மறுக்கப்பட்டது. 1918 முதல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராய் இருந்து பொருள் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும் நண்பர் தந்த கடனும் சேர, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் வந்தது. 1922இல் அளித்த ரூபாய்ச் சிக்கல் பற்றிய ஆராய்ச்சியுரையைத் திருத்தித் தருமாறு தேர்வாளர் பணித்தனர். அவர் மனந்தளராது திருத்தியளித்து, 1923இல் டி.எஸ்ஸி. பெற்றார். மாகாண நிதியைப் பற்றிய நூல் 1925இல் அச்சேற, கொலம்பியாவின் டாக்டர் பட்டம் 1927இல் கிட்டியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1913 முதல் 1927 வரை பதினான்கு ஆண்டுகள். அவற்றுள் அயல்நாட்டில் கற்றவை ஏறத்தாழ ஏழு. எஞ்சியவற்றைப் பிழைப்பும் பொதுப்பணியும் அச்சும் காத்திருப்பும் கொண்டன.

இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் குறைந்த காலம் மூன்றாண்டு. மிகுந்த காலம் ஆறாண்டு. மறுபதிவினால் மேலும் இரண்டாண்டு பெறலாம். மகளிர்க்கும் உடற்குறை உடையோர்க்கும் பத்தாண்டு வரை இடமுண்டு. பாடப்பயிற்சி, தலைப்புத் தேர்வு, கள ஆய்வு, எழுத்து, தேர்வு என ஐந்து படிகளுக்கும் முன்னரே காலம் வகுத்துக்கொள்ளல் வேண்டும். சமூகவியலில் மக்களிடையே சென்று கேட்டறியும் கள ஆய்வு நெடுநாள் கொள்ளும். எழுதி முடித்த பின்னும் தேர்வுக்குப் பல திங்கள் செல்லும். அக்காலத்துக்கும் பொருள் வேண்டும்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், நம்மில் பலர் பெங்களூருக்கு இரயிலேறிப் பிழைக்கின்றனர். அத்தகைய வீட்டில் முப்பது வயதிலும் சம்பளமின்றிப் படிக்கும் மகனையோ மகளையோ கண்டு, படிப்பு இன்னும் முடியவில்லையா எனச் சுடுசொல் கூறுதல் எளிது. பெற்றோரே, பாபாசாகேபும் இடையில் நின்றவரே, ஆயினும் கைவிட்டவரல்லர். கடைசிப் படியில் நிற்கும் மாணாக்கர்க்குத் தோள் கொடுப்பது நம் சமூகத்தின் கடமையாகும்.