துன் ரசாக்கும் நாட்டின் சோற்றுப் பானையும்

தோட்டத் தோழர்களே! லங்காப்பைத் தாண்டி சுங்கை மானிக் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், செம்பனை தீர்ந்து நெல் வயல் தொடங்கும் இடம் அது. பீடோர் வட்டாரத்தில் பால்மரத்தையும் செம்பனையையும் பார்த்தே வளர்ந்த நம்ம பிள்ளைகள், சோறு எங்கேயிருந்து வருதுன்னு அங்கே போய்த்தான் பார்க்கணும். அந்த வயல், கெடா வயல் எல்லாம் சேர்ந்தும் நாட்டுக்குப் பற்றாது. மிச்சம் வெளிநாட்டு அரிசி. இந்தப் பற்றாக்குறையை முன்னால் வைத்துக்கொண்டு, நிலத்துக்கும் நெல்லுக்கும் நாடு முழுவதற்குமாகத் திட்டம் போட்டவர் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக்.

அவர் 1922 மார்ச் 11-இல் பகாங் மாநிலம் பெக்கானுக்குப் பக்கத்தில் பூலாவ் கெலாடி கம்பத்தில் பிறந்தார். தகப்பனார் பகாங் பிரபுக்களில் ஒருவர். படித்தது நம்ம பேராக்கில், கோலகங்சார் மலாய்க் கல்லூரியில். 1940-இல் உபகாரச் சம்பளத்தோடு சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்குப் போனார். படிப்பு முடியவில்லை, அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

அந்தக் காலத்தை நம்ம பாட்டன் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். போருக்கு முன்னால் மலாயா சாப்பிட்ட அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு பர்மாவும் சயாமும் அனுப்பியது. ரப்பரை விற்றால் அரிசியை வாங்கிக்கலாம், இதுதான் வெள்ளைக்காரன் கணக்கு. போர் வந்ததும் ரப்பரை வாங்க ஆள் இல்லை, அரிசியும் வரவில்லை. தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பிழைக்காதவர்கள் பல பேர். ரசாக் அப்போது பகாங்கில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே, வத்தானியா என்ற மறைமுக எதிர்ப்புப் படையோடும் சேர்ந்திருந்தார்.

போர் முடிந்து 1947-இல் லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்து, 1950-இல் திரும்பினார். 1955-இல் பகாங் மந்திரி பெசார் பொறுப்பு. வயது முப்பத்து மூன்றுதான். அதே வருஷம் பொதுத்தேர்தலில் ஜெயித்துக் கல்வி மந்திரியானார். 1956-இல் வந்த ரசாக் அறிக்கை, மலாய், ஆங்கிலப் பள்ளிகளோடு சீன, தமிழ் ஆரம்பப் பள்ளிகளையும் தேசியக் கல்வி முறைக்குள் சேர்த்தது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த என் போன்றவர்கள் இதைச் சொல்லாமல் போகக் கூடாது.

இனி நில விஷயத்துக்கு வருவோம்.

1956 ஜூலை 1-இல் பெல்டா என்கிற நில மேம்பாட்டு வாரியம் ஆரம்பமானது. முதல் குடியேற்றம் 1958-இல், பெந்தோங் பக்கத்து லூரா பீலூட்டில். நிலமில்லாத குடும்பத்துக்குக் காட்டை வெட்டிக் கொடுத்து, வீடு கொடுத்து, ரப்பர் வளரும் வரைக்கும் செலவுக்கும் பணம் கொடுத்தார்கள். பால் வெட்ட ஆரம்பித்ததும் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். அப்புறம் நிலம் அவர்களுக்கே. கங்காணி, கிராணி, துரை யாரும் இல்லாமல் ஒருவன் தன் மரத்தைத் தானே வெட்டுகிறான் என்றால் அது லேசான காரியமா?

1959-க்குப் பிறகு கிராம மேம்பாட்டு இலாகா ரசாக் கைக்கு வந்தது. அவர் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும், நம்ம பத்தாங் பாடாங் உட்பட, ஒரு சிவப்புப் புத்தகம் போடச் சொன்னார். மாவட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாள்களை அடுக்கி, எந்தக் கம்பத்துக்கு ரோடு வேண்டும், எங்கே குழாய்த் தண்ணீர், எங்கே பள்ளிக்கூடம், எங்கே வாய்க்கால் என்று வரைய வேண்டும். கோலாலம்பூரில் ஒரு நடவடிக்கை அறை; சுவர் முழுக்க வரைபடம். அவரே மாவட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து கணக்குக் கேட்பார். ரோடு போட்டாச்சுன்னு சொன்னால் போதாது, போய்ப் பார்ப்பார். வேலை ஓடாத இடத்து அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கும். 1967-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது இந்த உழைப்புக்காகத்தான்.

நெல்லுக்கு அவர் காலத்தில் நடந்த பெரிய வேலை, கெடா, பெர்லிஸ் வயல்களுக்கான மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1966-இல் ஆரம்பித்து 1970-இல் முடிந்தது. மூடா, பெடு என்று இரண்டு அணைகள். சுமார் 96,000 ஹெக்டேர் வயல். மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு போகம் கண்ட இடத்தில் இரண்டு போகம். 1965-இல் விவசாயச் சந்தை வாரியமான பாமா, 1969-இல் ஆராய்ச்சிக்கு மார்டி, கடனுக்கு விவசாய வங்கி, 1971-இல் நெல்லை வாங்கி அரிசி இருப்பு வைக்கும் நெல் அரிசி வாரியம் என்று வரிசையாக வந்தன.

இடையில் ஒரு சங்கதி. நாம் இந்தியச் சரக்கு என்று விலை கொடுத்து வாங்குகிற பொன்னி அரிசிக்கு ஒரு பக்கத்துப் பூர்வீகம் மலாயாதான். தைவானின் தைச்சுங் 65-ஐயும் இங்கத்திய மாயாங் எபோஸ் 80-ஐயும் சேர்த்து உண்டானது மசூரி நெல். அந்த ஒட்டில் வந்ததுதான் பொன்னியும்.

1969 மே கலவரத்துக்குப் பின் தேசிய நடவடிக்கை மன்றத் தலைவராக நாட்டை நடத்தி, 1970 செப்டம்பர் 22-இல் ரசாக் பிரதமரானார். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை. 1973, 74-இல் உலகமெங்கும் உணவு விலை ஏறியது. 1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்து, கெடா பாலிங்கில் சின்னத் தோட்டக்காரர்கள் பசியோடு தெருவுக்கு வந்தார்கள். பெரிய ஊர்வலம், கோலாலம்பூரில் மாணவர்களும் சேர்ந்துகொண்டு பலர் கைதானார்கள். ரப்பர் விழுந்தால் சோறு போச்சு என்ற பழைய கணக்கு திரும்பவும் கதவைத் தட்டியது. அந்தக் கட்டத்தில் அரசாங்கம் பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்தது: சும்மா கிடக்கிற நிலத்திலெல்லாம் காய்கறி, கிழங்கு போடுங்கள், நாட்டுக்கு வேண்டிய உணவை நாமே விளைவிப்போம் என்று.

நல்ல திட்டம். ஆனால் தோழர்களே, நமக்கு எந்த நிலம்?

சிவப்புப் புத்தகத்தில் கம்பத்துக்குக் கோடு இருந்தது. தோட்டம் தனியார் சொத்து என்பதால் லயத்துக்கு ரோடும் தண்ணீரும் விளக்கும் கம்பெனி பாடு என்று விட்டுவிட்டார்கள். கம்பெனி எப்படிப் பார்த்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வருஷங்களில்தான் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1960-இல் துன் சம்பந்தன் நம்ம ஆட்களிடம் காசு சேர்த்து, தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது அதனால்தான். பெல்டாவில் இந்தியர்களும் சில இடங்களில் சேர்ந்தார்கள். எண்ணிக்கை மிகச் சிறியது. நம்மில் பல பேரிடம் அப்போது குடியுரிமையே இல்லை. பக்கத்தில் துரோலாக்கிலும் பெசோட்டிலும் பெல்டா வந்தது. நிலம் வெட்டத் தெரிந்தவன், பால் வெட்டத் தெரிந்தவன் நம்ம ஆள். பட்டா மட்டும் அவன் கைக்கு வரவில்லை. ரசாக்கின் உழைப்பை மதிக்கிறவன்தான் நான். ஆனாலும் அத்தனை வரைபடத்தையும் நுணுக்கிப் பார்த்த கண்ணில் லயம் படாமல் போனது பெரிய குறை.

இன்னொன்றும் உண்டு. பெல்டா நிலத்தில் ஏறக்குறைய எல்லாம் ரப்பரும் செம்பனையும். வருமானம் வந்தது, அரிசி வரவில்லை. 1990-இல் புதுக் குடியேற்றத்தை நிறுத்தும்போது 1,12,000-க்கு மேல் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. நெல் அரிசி வாரியம் 1990-களில் பெர்னாஸ் ஆகித் தனியார் கைக்குப் போனது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், செப்டம்பர் 1-இல் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியது. கிலோ 2 வெள்ளி 60 காசு உள்ளூர் அரிசி கடையில் கண்ணில் படவில்லை. நாள் சம்பளக்காரன் வீட்டில் அது எப்படி வலித்தது என்பது நமக்குத் தெரியும்.

துன் ரசாக்குக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தது. அதை நாட்டுக்குச் சொல்லாமலே வேலை பார்த்தார். 1976 ஜனவரி 14-இல் லண்டனில் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலை ஒட்டிய வீரர் சமாதியில் அடக்கம் செய்தார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே குடும்பக்காரத் தொழிலாளிக்குத் தோட்டம் போட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விட வேண்டும் என்று இருந்தது. உங்கள் தோட்டத்தில் அப்படி இடம் விட்டிருந்தார்களா, இப்போது அதில் என்ன நிற்கிறது, எத்தனை குடும்பம் கீரையோ கிழங்கோ போட முடிகிறது என்று பெரியவர்களிடம் விசாரித்து, பெரட்டுக்கு வரும்போது தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள்.