வழிநூலும் மூலமும்: இரகுவீராவின் மங்கோலியக் கல்வி

குணாட்டியரின் பைசாச மொழிக் காப்பியம் இன்று இல்லை. கொங்குநாட்டு விசயமங்கலத்தோடு தொடர்புடைய கொங்குவேளிரின் பெருங்கதையும் வடமொழி வழிநூல்களும் அதற்குச் சான்றுகள். இத்தகைய இழப்பைப் பௌத்த நூல்களில் கண்டு மங்கோலிய மொழியை நாடியவர் இரகுவீரா (1902–1963).

இராவல்பிண்டியில் பிறந்து, இலண்டனில் முனைவர் பட்டம் பெற்ற அவர், இலாகூரில் சமஸ்கிருதம் கற்பித்தார். அங்கு நிறுவிய சரசுவதி விகார் பின்னர் நாகபுரிக்கும் தில்லிக்கும் பெயர்ந்தது. இந்திக் கலைச்சொல்லாக்கத்தால் தமிழகம் அறிந்த அவருடைய மங்கோலியப் பணி இங்குப் போதிய கவனம் பெறவில்லை.

இந்தியாவில் மறைந்த பௌத்த நூல்கள் பல திபெத்திய மொழிபெயர்ப்பில் எஞ்சின. அதன்வழி மங்கோலியத்துக்கும் சென்றன. மேலிருந்து கீழாக எழுதப்படும் மங்கோலிய எழுத்தில் ஒரே வடிவம் வெவ்வேறு ஒலிகளைக் குறிப்பதுண்டு. ஆகவே, எழுத்தறிவு மட்டும் போதாது. சொல்லறிவும் சமய மரபறிவும் வேண்டும். இத்தேவைக்கு அவர் தொகுத்த மங்கோலிய–சமஸ்கிருத அகராதி துணையாயிற்று. 1955இல் சீனத்துக்குச் சென்ற அவர், மங்கோலியாவிலும் நூல்களைத் திரட்டினார்.

1963இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார். மங்கோலியக் கஞ்சூரின் 108 தொகுதிகளை அவர் மகன் உலோகேசு சந்திரா 1973–1979இல் வெளியிட்டார்.

இரகுவீராவுக்கு மங்கோலியம் பெரிதும் சமஸ்கிருத மூலத்தைக் காட்டும் கண்ணாடியாகவே இருந்தது. அதுவே அவர் பணியின் வலிமை; எல்லையும் அதுவே. முதலும் இறுதியும் சிதைந்த நிலையில் 1924இல் உ.வே.சா. பதிப்பித்த பெருங்கதையைத் தமிழுலகம் குணாட்டியருக்குச் சான்றாக மட்டும் கொள்வதில்லை. தமிழ்க் காப்பியமாகவே பயில்கிறது. மங்கோலிய வழிநூல்களுக்கும் அவ்வுரிமை உண்டு.