சித்திரைத் திருநாள் மன்னரும் மருத்துவக் கருவித் தொழிலும்

பொன்முடி மலையினின்று இறங்கி வரும் கல்லாற்றின் கரையிலும், விதுரை முதல் திருவனந்தபுரம் வரையிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா மகாராஜாவின் திருப்பெயர் புதிதன்று. ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த மன்னர் என்றே அவரை நாம் போற்றுகிறோம். அவர் பெயர் தாங்கிய மருத்துவ நிலையம் ஒரு புதிய தொழிலுக்கே தாயாக விளங்கிய வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறோம்.

1912 நவம்பர் 7-இல் பிறந்த இம்மன்னர், 1924-இல் பதினோராம் வயதில் அரசுரிமை எய்தினார். சேது லக்ஷ்மி பாய் மகாராணியார் ரீஜண்டாக இருந்து ஆண்ட பின், 1931-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1936 நவம்பர் 12-இல் பிறந்த பிரகடனத்தால் நாஞ்சில் நாட்டுக் கோயில்களும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆலைத் தொழில்களும் அவர் ஆட்சியில் வேரூன்றின. 1949 முதல் 1956 வரை ராஜப்பிரமுகராக இருந்து, பின்னர் எளிய வாழ்வை மேற்கொண்டார்.

பதவி போயினும் ஈகை போகவில்லை. 1973-இல் அரச குடும்பத்தார் பல அடுக்கு மாளிகையொன்றை மருத்துவப் பணிக்காக அரசுக்கு வழங்கினர். அதில் எழுந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைப் பாராளுமன்றம் 1980-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கியது. பூஜப்புரையிலுள்ள பழைய சாட்டல்மண்ட் அரண்மனை, மருத்துவக் கருவிகளை ஆராயும் கூடமாயிற்று.

ஏன் இந்த ஆராய்ச்சி? தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் ஏழைச் சிறுவர்களின் இதய வால்வைக் கெடுத்துவிடும். அயல்நாட்டு வால்வின் விலையோ கூலித் தொழிலாளி எட்டவியலாதது. டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் அறிஞர்கள் உழைத்தனர். மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6-இல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மன்னர் அதனைக் காணும் பேறு பெற்று, 1991 ஜூலை 20-இல் மறைந்தார்.

1928-இல் சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டி.டி.கே. குழுமம் அவ்வால்வைத் தயாரிக்கும் உரிமை பெற்றது. பல்லாயிரம் இதயங்களில் அது இன்று துடிக்கிறது. அந்நிலையத்தின் மற்றொரு கண்டுபிடிப்பான இரத்தப் பையைத் தயாரிக்க, ஆட்சிப் பணியைத் துறந்த சி. பாலகோபால் திருவனந்தபுரத்தில் பென்பால் நிறுவனத்தை வளர்த்தார். 1999-இல் ஜப்பானிய டெருமோ நிறுவனம் அதன் பெரும் பங்கை வாங்கியது.

இது இலாபமா, நட்டமா என்று வினவுவோர் உளர். அயல் முதலும் உலகச் சந்தையும் வந்ததால் தொழிற்சாலை பெருகியது. பலருக்கு வேலை கிடைத்தது. ஆயினும் ஆணையிடும் அதிகாரம் கடல் கடந்தது. இவ்விரண்டையும் சீர்தூக்கி நோக்கல் நம் கடன். கம்பெனிகள் கைமாறுவது வாணிப இயல்பு. ஆராய்ச்சி நிலையம் பொதுமக்களுடையதாக நிலைத்திருக்கும் வரையில், அடுத்த கருவியும் அங்கிருந்தே பிறக்கலாம்.

ஆகவே நம் பிள்ளைகள் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்று, அந்நிலையத்தின் வாயிலை நோயாளியாக மட்டுமன்றி ஆராய்ச்சியாளராகவும் மிதிக்க வேண்டும். மன்னரின் கொடைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.